வளையத்தில் கட்டிய தோல்

"நம்ம ஆள்தானே" என்று யாராவது என்னைப் பார்த்துச் சொன்னால் இன்றும் எனக்கு உடம்பு சூடாகிவிடும். பந்தியில் இடம் மாறி உட்காரச் சொல்வார்கள். பஸ்ஸில் சீட்டை விடச் சொல்வார்கள். நம்ம ஆள்தானே. எழுந்துவிடுவேன். ஆனால் பதில் பேசமாட்டேன். பேசினால் வேறு ஏதாவது வந்துவிடும். ஏன் என்று என் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஐந்தாவதுவரை படித்தவன். எழுதத் தெரிந்த அளவுக்குத்தான் இருக்கும்.

எங்களுக்கு ஊர் நகரி, ஆந்திர எல்லைப் பக்கம். விசைத்தறி ஓட்டினோம். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு வயிற்றில் வலி வந்து முதுகுவரை போனது. கண் மஞ்சளானது. காமாலை என்று பச்சிலை கொடுத்தார்கள். சாப்பாடு இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். கணையத்தில் கேன்சர், எல்லா இடத்துக்கும் போய்விட்டது என்றார்கள். கணையம் என்று ஒன்று உடம்பில் இருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். நைனா போன பிறகு தறியில் என் மனசு நிற்கவில்லை. திருப்பதிக்கு வந்து ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது.

கண்ணாடிப் பாத்திரம் கழுவுவது, ஆவியில் வேகவைத்து எடுப்பது, சொன்ன இடத்துக்குப் போய்வருவது. இதுதான் வேலை. எனக்கு மேலே ஒரு மேடம். தெலுங்குக்காரர். தமிழும் பேசுவார். டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கணையத்துக் கேன்சர்தான் அவர் எடுத்திருந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து ஒவ்வொரு கண்ணாடியையும் இன்னொரு முறை கழுவினேன். யாரும் சொல்லவில்லை. நானாகக் கழுவினேன்.

ஒருநாள் மேடத்திடம் நைனாவின் சங்கதியைச் சொன்னேன். ஏன் அவ்வளவு சீக்கிரம் போனார் என்று கேட்டேன்.

"கட்டி பெருசாகிறதால மட்டும் ஆளு போறதில்லப்பா," என்றார். "அது நடக்குது. இருக்கிற எடத்த விட்டு நடந்து போகுது. நடுவுல தோலு இருந்தா துளைச்சிக்கினு போகுது. நமக்குத் தெரியறதுக்குள்ள போயிடுது. அத நிறுத்த முடியுமானு பாக்கிறேன்."

எனக்குப் புரிந்தது. அவர் செய்தது இரண்டு சோதனை. இரண்டுக்கும் மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம். விரல் நுனி போகிற அளவுதான். முதல் சோதனையில் நடுவே மெல்லிய காகிதம்போல ஒன்று வைப்பார். அதில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு. மேலே கேன்சர் செல்லை விடுவார். எப்போதோ செத்துப்போன ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்துவருவது அது, பம்பாயிலிருந்து வரும். கீழே அதற்குத் தீனி. தீனியைத் தேடி ஓட்டை வழியாக இறங்குகிறதா என்று பார்ப்பார். இறங்கினால் அது நடக்கிறது.

இரண்டாவது சோதனைக்கு ஓட்டை இல்லாத தோல் வேண்டும். துளைக்கிறதா என்று பார்க்க. அந்தத் தோல் கடையில் கிடைக்காது. பிரசவம் ஆனபின் வெளியே வரும் நஞ்சுக்கொடியில்தான் கிடைக்கும். குழந்தை உள்ளே படுத்திருக்கிற பனிக்குடம் இருக்கிறதே, அதன் உள்தோல். கண்ணாடிக் காகிதம்போல இருக்கும். அதை உரித்து, மருந்தில் ஊறவைத்து, மேலே ஒட்டியிருப்பதை வழித்து எடுத்துவிட்டு, சின்னச் சின்ன வளையங்களில் மத்தளத்துக்குத் தோல் கட்டுவதுபோல இழுத்துக் கட்டுவார். அதன்மேல் செல்லை விட்டுச் சூட்டுப்பெட்டியில் வைப்பார். மூன்று நாள் கழித்துச் சாயம் ஏற்றி, அடிப்பக்கம் பார்ப்பார். பாதி வளையங்களில் ஒரு மருந்தும் சேர்ப்பார். மருந்து போட்டதில் துளைப்பது நிற்கிறதா என்பதுதான் அவர் கேள்வி.

அந்தக் கொடியைப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் போட்ட கேனில் எடுத்து வருவது என் வேலை.

எங்கள் பக்கத்தில் கொடியைப் புதுப்பானையில் வைத்து, மஞ்சள் போட்டு, வீட்டு மண்ணில் புதைப்பார்கள். அது இருக்கிற மண்ணில்தான் பிள்ளை நிலைக்கும் என்பார்கள். அதனால் முதல் தடவையே வார்டு சிஸ்டரைக் கேட்டேன்.

"கேட்டுத்தானே எடுக்கிறீங்க சிஸ்டர்?"

"கேக்காம எடுப்பமா? போய்யா," என்றார்.

நம்பினேன். ஆஸ்பத்திரியில் வெள்ளைப் புடவை கட்டியவர் சொல்கிறார். நம்பாமல் என்ன செய்வது.

என் மனைவிக்கு அது மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் சித்தூர் ஆஸ்பத்திரியில். முதலாவது பையன், சில நாள் இருந்தான். இரண்டாவது பெண், அதுகூட இல்லை. இரண்டுக்கும் கொடியைக் கொடுக்கவில்லை. எரித்துவிட்டோம் என்றார்கள். என் மாமியாருக்கு ஊர் வடமாலபேட்டை. அவர் ஒரே பேச்சாகச் சொன்னார்.

"ரெண்டுக்கும் கொடி வீட்டுக்கு வரல மாப்ள. ரெண்டும் நிக்கல. இந்த வாட்டி நீ இன்னா பண்ணுவியோ தெரியாது. கொடி வந்தாவணும்."

எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் தெரியாது. என் மனைவிக்கு இருந்தது. மாசம் ஏற ஏற அவள் தூங்குவதில்லை. கொடி வரும் என்று நான் சொன்ன பிறகுதான் கண்ணை மூடினாள். எனக்கு அது போதும்.

சிஸ்டரிடம் முன்னாலேயே சொல்லிவைத்தேன். மேடத்திடமும் சொன்னேன். "சரி சரி, உன்னுத எவன் கேட்டான்," என்று சிரித்தார்.

அந்தச் சமயத்தில் தோல் கிடைப்பது குறைந்திருந்தது. யாரோ ஒரு பெரிய வீட்டுக்காரர்கள் தங்கள் கொடி எங்கே என்று ஆஸ்பத்திரியில் சத்தம் போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். கேன் காலியாகத் திரும்பி வந்தது. பம்பாயிலிருந்து வந்த செல் கண்ணாடிப் புட்டியில் நிறைந்து நின்றது. ரொம்ப நாள் வைத்திருந்தால் கெட்டுவிடும் என்று மேடம் தவித்துக்கொண்டிருந்தார்.

வலி எடுத்த அன்று விடியற்காலையில் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மாமியார் புதுப்பானையோடு வந்துவிட்டார். நேரமாகும் என்று சிஸ்டர் சொன்னார். மேடத்திடம் லீவு கேட்கப் போனேன். மெட்ராஸ் ரயிலில் ஒரு பார்சல் வருகிறது, செல்லுக்கான தீனி, ஐஸில் வருகிறது, ரேணிகுண்டாவுக்குப் போய் எடுத்து வந்துவிட்டுப் போ என்றார். போனேன். ரயில் லேட். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது சாயங்காலமாகிவிட்டது. மேடம் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். மேஜையில் வளையங்கள் வரிசையாக இருந்தன. தோல் கட்டி, செல் விட்டு, மூடி போட்டு.

"நல்ல வேள வந்த. கட்டிக் கட்டி எனக்குக் கை ஓஞ்சுபோச்சு. நீ எடுத்துப் பெட்டில வெய்யி. ஆட்டாத," என்றார்.

தட்டை எடுத்தேன். அலுங்காமல் கொண்டுபோய் வைத்தேன். அந்தத் தோல்போல் நல்ல தோல் அதுவரை வந்ததில்லை. ஒரு சுருக்கம் இல்லை. கதவைச் சாத்தினேன். சூடு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தேன்.

வராந்தாவில் இன்னொரு அட்டெண்டர் உட்கார்ந்திருந்தார். என்னைவிட மூத்தவர். எப்போதும் வெற்றிலை.

"யோவ், ஸ்வீட்டு எங்க? பொண்ணு பொறந்து எம்மா நேரமாச்சு. நீ பாட்டுக்கு ரயில வேடிக்க பாத்துக்கினு கீற," என்றார்.

"எப்போண்ணா?"

"நீ போன கொஞ்ச நேரத்துலயே. ரெண்டு பேரும் சௌக்கியம். போ போ."

ஓடினேன். வார்டு வாசலில் மாமியார் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பானைக்குள் மஞ்சள் துண்டு, வெற்றிலை. பிள்ளையைப் பார் என்று சொல்லவில்லை.

"மாப்ள, கொடி எங்கனு கேளு. காலைலேந்து கேக்கிறேன். வரும் வரும்னு சொல்லிக்கினே கீது அந்த சிஸ்டரு. எனக்கு என்னமோ சரியாப் படல."

சிஸ்டர் என்னைப் பார்த்ததும் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். பின்னாலேயே போனேன்.

"சிஸ்டர். கொடி."

"உங்க மேடம் போன் பண்ணாங்கப்பா. இன்னிக்கு வேற யாருக்கும் பிரசவமில்ல."

"நான் சொல்லிவச்சிருந்தேனே."

"சொன்ன. நானும் அவங்ககிட்ட சொன்னேன், அந்தாளு வீட்டுக்குக் கேட்டிருக்காருனு. நம்ம ஆள்தானே, ஒண்ணும் சொல்லமாட்டான், நான் பேசிக்கிறேன்னாங்க. நான் என்ன பண்றது?"

"எம் பொண்டாட்டியக் கேட்டீங்களா?"

"மயக்கத்துல கெடந்தா. அவள என்ன கேக்கிறது?"

மற்றவர்கள் சத்தம் போட்டார்கள், அவர்களுக்குக் கிடைத்தது. நான் சத்தம் போடாதவன். அந்த இடத்திலேயே வேலை செய்கிறவன். அதனால் என்னைக் கேட்க வேண்டாம். என்னை ரயிலுக்கு அனுப்பிவிட்டு எடுத்திருக்கிறார்கள். அதைவிட, என் கையாலேயே பெட்டிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வளையங்கள் கண்முன் வந்தன. என் மகள் அன்று காலைவரை படுத்திருந்த இடம். அதன்மேல் நைனாவைத் தின்ற வியாதி. நான் கதவைச் சாத்தி, சூடு பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

மாமியாரிடம் "கொண்டாறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

மேடம் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"வாழ்த்துக்கள்ப்பா. சொல்லலாம்னுதான்..."

"கொடி வேணும் மேடம்."

"மீதிய அப்பவே எரிச்சாச்சு. தோலு மட்டும்தான் இருக்கு. அதுவும் செல்லு விட்டாச்சு."

"அத எடுத்துக் குடுங்க."

"எப்படிப்பா குடுக்கிறது? நாளும் போய்க்கினு இருக்கு, செல்லும் போய்டும். எவ்வளவு நாளா காத்துக்கினு இருந்தேன், உனக்குத் தெரியாதா? யாருக்காகப் பண்றேன்? உங்க நைனாவுக்கு வந்த வியாதிதானே இது?"

அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நைனாவைப் பற்றி நான் மனசு விட்டுச் சொன்னதை எடுத்து என்மேலேயே போடுகிறார்.

"நைனா பேச்சு வேணாம் மேடம். அவரக் கேட்டா குடுத்திருப்பாரு. என்னக் கேட்டிருந்தாகூட எம் பொண்டாட்டிகிட்ட பேசிப் பாத்திருப்பேன். நீங்க யாரக் கேட்டீங்க?"

நான் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தேன். திறந்திருப்பேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. எடுத்து என்ன செய்வது? மேலே அது ஒட்டிக்கொண்டிருக்கிறதே.

"கழுவிக் குடுக்க முடியுமா?" என்று கேட்டேன்.

மேடம் பொய் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும்.

"மேல மட்டும் இருந்தா கழுவலாம். உள்ள போயிடுச்சுனா முடியாது. போகுதா இல்லையானுதான் பாக்கிறோம். மருந்து போட்டதுல ஒண்ணாவது போகாம நின்னா, அத உனக்குச் சுத்தமா கழுவித் தரேன்."

கையை எடுத்தேன். மூன்று நாள் காத்திருக்க ஒப்புக்கொண்டேன். மூன்றாம் நாள்தான் மனைவியை வீட்டுக்கு அனுப்புவதாகவும் சொல்லியிருந்தார்கள்.

அந்த மூன்று நாளும் நான் அந்தப் பெட்டியைச் சுற்றியே இருந்தேன். அதுவரை அந்தச் சோதனை எப்படி வந்தாலும் எனக்கு ஒன்றுதான். கழுவுவது என் வேலை, பார்ப்பது அவர் வேலை. இப்போது மருந்து வேலை செய்ய வேண்டும் என்று மேடத்தைவிட நான்தான் அதிகமாக விரும்பினேன். நடக்காதே, நில் என்று பெட்டியைப் பார்த்து மனசுக்குள் சொன்னேன். நைனாவின் வயிற்றிலும் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நின்றிருக்குமா.

மாமியாரிடம் இழுத்தடித்தேன். "எடுத்து வச்சிருக்காங்க அத்தை, மூணாம் நாளு தருவாங்க."

"ஐஸ்க்ரீமா எடுத்து வைக்கிறதுக்கு?" என்றார்.

மனைவி என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குழந்தை நன்றாகப் பால் குடித்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. முதலாவது பையனும் நன்றாகத்தான் குடித்தான்.

மூன்றாம் நாள் மேடம் சாயம் ஏற்றினார். ஊதா நிறம். வளையத்திலிருந்து தோலை வட்டமாக எடுத்து, கண்ணாடியில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மருந்து போடாததை முதலில். அப்புறம் மருந்து போட்டதை. பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது.

"கொறஞ்சிருக்குப்பா. நல்லாவே கொறஞ்சிருக்கு. வா, நீயும் பாரு."

பார்த்தேன். முதல் கண்ணாடியில் ஊதாப் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. மருந்து போட்டதில் அங்கொன்று இங்கொன்று.

"ஒண்ணுகூட போகாதது இருக்கா மேடம்?"

மறுபடி எல்லாவற்றையும் பார்த்தார். எனக்காகத்தான் பார்த்தார். நேரமானது.

"இல்லப்பா. எல்லாத்துலயும் கொஞ்சம் போயிருக்கு."

அவருக்குக் குறைந்தது போதும். எனக்கு ஒன்று போனாலும் போனதுதான். அந்த மருந்தை நினைத்து, நைனாவை நினைத்து, நான் சந்தோஷப்பட வேண்டிய நாள் அது. படவில்லை.

ஒரு வட்டத்தைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். "சாயம் ஏத்துனா செல்லு செத்துப்போயிடும். இது ஒண்ணும் பண்ணாது. தைரியமா வீட்ல புதைச்சிக்கோ," என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

வார்டில் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். பாட்டிலை மாமியார் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா இது, பொட்டு மாதிரி?"

"பாப்பாவோடதுதான் அத்தை. உள்தோலு."

"மேல ஊதா ஊதாவா கீதே. அது?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். சாயம் என்று சொல்லியிருக்கலாம்.

"அது வேற ஒருத்தரோடது. கேன்சரு. எங்க நைனாவுக்கு வந்ததே, அது. செத்ததுதான், ஒண்ணும் பண்ணாது."

"யாரு அந்த மனுசன்?"

"தெரியாது. எந்த ஊரோ. செத்துட்டாரு."

"அவரையாவது கேட்டு எடுத்தாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. வார்டில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். மாமியார் சத்தம் போடவில்லை. பாட்டிலை என் கையில் திரும்ப வைத்தார்.

"இத எந்த மண்ணுல வைக்கிறது? வீட்ல வச்சா செத்தவன வீட்ல வச்ச மாதிரி. சுடுகாட்ல வச்சா எம் பேத்திய சுடுகாட்ல வச்ச மாதிரி. நீயே சொல்லு மாப்ள."

மூன்று நாளாகப் பேசாத என் மனைவி அப்போது பேசினாள்.

"குடுத்துடுங்க. அது இனிமே அவங்க பொருளுதான். நம்முது இல்ல."

மாமியார் பானையைக் காலியாகவே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அதில் அதன்பிறகு எதையும் போடவில்லை. வடமாலபேட்டை வீட்டில் கவிழ்த்து வைத்தார். குழந்தைக்கு ஒரு சளி பிடித்தால்கூட அவர் பார்வை அந்தப் பானைமேல் போகும். அப்புறம் என்மேல் வரும். மகள் பிழைத்துக்கொண்டாள், வளர்ந்தாள். ஆனால் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் என் மனைவி தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தூக்கத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

அன்றைக்கே பாட்டிலை மேடம் மேஜையில் வைத்தேன்.

"வீட்ல வைக்க மாட்டேங்குறாங்க."

"ஏம்ப்பா? செத்த செல்லுதானே. வெறும் கறை மாதிரி."

"அப்போ உங்க வீட்ல வைங்க மேடம்."

மேடம் பாட்டிலை எடுத்து அலமாரியில் பின்வரிசையில் வைத்தார். பூட்டினார்.

"இனிமே நான் கேன் எடுக்க மாட்டேன்," என்றேன்.

"அது உன் வேல."

"வேற வேல குடுங்க. இல்லனா வேலையே வேணாம்."

வாசல் கேட்டில் காவலுக்குப் போட்டார்கள். தண்டனை என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அது சரியாகத்தான் இருந்தது. வெற்றிலை போடும் அண்ணன்தான் அதன்பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதல் நாளே குறுக்கே நின்றேன்.

"கேட்டாங்களாண்ணா?"

"யார?"

"பெத்தவள."

"நீ இன்னா செக்போஸ்டா? தள்ளுய்யா, கை நோவுது."

"கேட்டாங்களானு சொல்லு."

"சிஸ்டரு கேட்டிருக்கும்."

"நீ கேட்டியா?"

திட்டினார். என் தலைமுறையையே இழுத்துத் திட்டினார். நான் கேட்டைத் திறக்கவில்லை. திரும்பிப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். பெற்றவள் வீட்டார் தர மாட்டோம் என்றார்களாம், கேனை அங்கேயே காலி செய்துவிட்டு வந்தார். அடுத்த தடவை ஒரு வீட்டில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். அந்தப் பெண்ணின் அம்மா பேரையும் ஊரையும் அவர் சொன்னார். அன்றைக்குத் திறந்துவிட்டேன். பல நாள் திறக்கவில்லை.

கடைசியில் மேடமே கேட்டுக்கு வந்தார். வெயில். அன்றும் கேட்காமல் எடுத்து வந்த அண்ணன் கேனைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"எத்தன நாளைக்கு இப்படிப் பண்ணப் போற? என் வேலையே நின்னுபோச்சு," என்றார். "வாசல்வரைக்கும் வந்தத உள்ள விடறதுக்கு உனக்கு என்ன?"

"இதுவரைக்கும் நடந்து வந்துடுச்சுனு உள்ள விட்டுடணுமா மேடம்?"

அவர் என்னைப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார். கேன் எங்களுக்கு நடுவே தரையில் இருந்தது. அதன் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து மண்ணில் ஓடியது. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

உருகட்டும் என்று நின்றேன்.